மாமா சேர்த்த ஆறு வரிகள்

"ஹலோ... ஆமா மாமா, நான்தான்... இல்ல இல்ல, பேசலாம். லீவு போட்டிருக்கேன்... ஆமா... ஆமா... உங்க சின்னதுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சா?... ம்... நல்லது... மாமா, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். காலையில நான் அனுப்புன மெயிலைப் படிச்சுட்டுத்தானே கூப்பிடறீங்க?..."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சின்னவள் ஜன்னலைச் சாத்தினாள். கீழே தெருவில் யாரோ டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்துநாலு வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான்; அக்கா பெரியவள். அந்தப் பக்கம் பேசுகிறவர் பெரியவளின் கணவர். ஒரு கட்டடம் நிறைய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, அதில் இடம் பிரித்து வாடகைக்கு விடுகிற கம்பெனி அவருடையது. குடும்பத்தில் ஃப்ரிட்ஜ் வாங்குவதென்றாலும் ஆஸ்பத்திரி பார்ப்பதென்றாலும் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். சின்னவளும் பதினோரு வருஷமாக அப்படித்தான் பார்த்தாள்.

"படிச்சீங்க, ஆனா நான் கேட்டதுக்குப் பதில் வரலையே... ம்... ம்... நான் எழுதணுமா?... எங்க, லிஸ்ட்லயா?... இருங்க மாமா, சரியாப் புரிஞ்சுக்கறேன். எல்லாரும் படிக்கற இடத்துல, என் பேர்ல, அந்த ஆள் செட்டிங்கைத் தப்பா வெச்சிருக்கார், டிரைவர்ல கோளாறு இல்லைன்னு நான் எழுதணும். அதானே?... ஆமா... ஆமா, ரெண்டே வரிதான். ரெண்டு வரி எழுத எனக்குக் கை வலிக்காது..."

சொல்லிக்கொண்டே மேஜையில் இருந்த டீயை எடுத்தாள். ஆறி, மேலே ஆடை கட்டி, கப்பைச் சாய்த்தபோது அந்த ஆடை மட்டும் உதட்டில் ஒட்டியது. துடைத்துவிட்டுக் கப்பைத் தூரத் தள்ளி வைத்தாள்.

சின்னவள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வேறொரு இடத்தில். மிச்ச நேரத்தில் அவள் செய்வது கெர்னல் வேலை. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் அடியில் உட்கார்ந்து, யாருக்கு எப்போது என்ன கிடைக்க வேண்டும் என்று பங்கு போட்டுக் கொடுக்கிற மென்பொருள். அதில், தகவலைச் சேமித்து வைக்கிற டிஸ்கோடு பேசுகிற துண்டுக்கு டிரைவர் என்று பெயர்; அவள் பார்ப்பது அதைத்தான். அவள் வேலை செய்கிற கெர்னல் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர்; குறை சொன்னால் சரிசெய்து மறுபடி மறுபடி அனுப்புவார்கள். அனுப்பினால் உடனே உள்ளே போய்விடாது. அந்தப் பகுதியைத் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்து, 'பார்த்தேன், சரி' என்று அடியில் தன் பெயரைப் போட வேண்டும். பிறகுதான் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் சேர்த்துக்கொள்வார். அவரை எல்லோரும் செல்லமாகக் கதவுக்காரர் என்பார்கள். எங்கோ ஒரு தேசத்தில் இருக்கிற, முகம் பார்த்தறியாத மனிதர். சின்னவளின் பெயர் அடியில் இருந்தால் கதவுக்காரர் இரண்டாம் முறை படிக்கமாட்டார். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அவளுக்கு ஆறு வருஷம் பிடித்திருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால், கெர்னல் வேலை செய்கிற எல்லோருக்கும் போய்ச் சேர்கிற பொது மெயில் லிஸ்ட்டுக்கு ஒரு மெயில் வந்தது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் எழுதியிருந்தார். தொந்தரவு கொடுப்பதற்கு ஆரம்பத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் மன்னிப்புக் கேட்டிருந்தார். அவர்களுடைய பதிவெல்லாம் இருப்பது மாமாவின் கட்டடத்தில். அங்கே நாற்பது விநாடி கரண்ட் போய் வந்திருக்கிறது. வந்த பிறகு பார்த்தால், கடைசிப் பதினோரு நிமிஷத்தில் ஏற்றிய முடிவுகள் ஒன்றுகூட இல்லை. பத்தொன்பது பேருடையது. 'பதிவாகிவிட்டது' என்று திரையில் வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தார். அந்தப் பத்தொன்பதில் ஒருவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம், இதயமே நின்றுபோகிற அளவுக்கு ஏறியிருந்தது. டாக்டர் திறந்து பார்த்தபோது அந்த வரியே இல்லாததால், பரிசோதனையே இன்னும் ஆகவில்லை போலிருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் அந்த ஆளைத் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் பதிவைச் சரியாகச் சேமிக்கவில்லை என்று பரிசோதனை நிலையம் இவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டது.

அடியில் மாமா கம்பெனியின் பதில் இருந்தது. உங்கள் செட்டிங் தவறு, உங்கள் ஊழியருக்குப் பயிற்சி கொடுங்கள் என்று.

"மாமா, அந்தப் பதிலை யார் எழுதினது?... நீங்களேவா?... சரி. அப்ப இன்னொண்ணு கேக்கறேன். போன வருஷக் கடைசியில உங்க கம்பெனியில இருந்து அந்தப் பேட்ச் வந்துச்சே, நாலாவது தடவை அனுப்புனதைத்தான் நான் பாத்து, சரின்னு பேர் போட்டேன்... ஆமா... அஞ்சாவது தடவை ஏன் அனுப்புனீங்க?... சின்னத் துப்புரவு. ஆமா, அதுல அப்படித்தான் எழுதியிருக்கு. 'வெறும் துப்புரவு, நடத்தையில மாற்றம் இல்லை'ன்னு. அடியில என் பேர் அப்படியே ஒட்டிட்டு வந்திருக்கு. நான் அஞ்சாவதைப் படிக்கவே இல்லையே மாமா. எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?..."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் நீளமாக வந்தது. நேற்று முழுக்க அவள் செய்தது இதைத்தான்: நாலாவதையும் ஐந்தாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டாள். இருநூற்றுச் சொச்சம் வரி நிஜமாகவே துப்புரவுதான். இடம் மாற்றம், பெயர் மாற்றம், காலி வரி. அதற்கு நடுவில், சோற்றில் கிடக்கிற பல்லி மாதிரி, ஆறு வரி.

"துப்புரவுன்னு சொல்லாதீங்க. அந்த ஆறு வரியை நீங்கதான் எழுதியிருக்கீங்க. உங்க கை எனக்குத் தெரியும் மாமா, அடைப்புக்குறிக்கு முன்னாடி இடம் விட்டு எழுதறது உங்க ஒருத்தர் பழக்கம்தான்... ம்... வேகம்... ஆமா, வேகம் வரும். செய்யாத வேலையைச் செஞ்சேன்னு சொன்னா யாருக்குத்தான் வேகம் வராது?... எல்லாரும் பண்றாங்களா? யாரு அந்த எல்லாரும்?... சரி, பேர் சொல்ல வேண்டாம். லைன்லயே இருங்க. உங்ககிட்ட வாயால பேசிப் பிரயோஜனமில்லை. ஒண்ணு பண்ணிக் காட்டறேன்..."

மேஜையில் இரண்டு மிஷின் இருந்தன. ஒன்று மூடி கழற்றி, வயிறு திறந்து கிடந்தது. அதற்குள் மாமாவின் கட்டடத்தில் ஓடுவதைப் போலவே எல்லாவற்றையும் அமைத்திருந்தாள். வாடகைக்காரருக்குக் கொடுப்பதைப் போன்ற ஒரு பொய்க் கம்ப்யூட்டர் அதற்குள் ஓடி, டிஸ்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை எழுதும். ஒவ்வொரு எண்ணும் டிஸ்கில் பதிந்துவிட்டது என்று டிரைவர் சொன்ன பிறகுதான், அந்த எண்ணைப் பக்கத்து மிஷினுக்குச் சொல்லும். பக்கத்து மிஷின் கேட்டுக் குறித்துக்கொள்ளும். காலையில் பழைய டிரைவரைப் போட்டு இரண்டு தடவை செய்து பார்த்தாள். இரண்டு தடவையும் குறித்ததும் டிஸ்கில் இருந்ததும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தது. இப்போது மாமாவின் ஆறு வரி சேர்ந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மின்விசிறி இழுத்து இழுத்து நின்றது.

"சத்தம் கேட்டுச்சா?... கரண்டைப் பிடுங்கிட்டேன். பக்கத்து மிஷின் கடைசியா குறிச்ச நம்பர் அறுபத்தோராயிரத்து நானூத்துப் பதினெட்டு. அதுவரைக்கும் எழுதியாச்சுன்னு உங்க டிரைவர் வாக்குக் குடுத்திருக்கு. இப்ப திரும்பப் போடறேன். எழுந்து வரட்டும்... ஏன், பாக்கறதுக்கு என்ன?... யார்கிட்ட குடுக்கப் போறீங்க?... மாமா, இதுக்குள்ள அவளை ஏன் இழுக்கறீங்க?... மாமா..."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. சின்னவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். குரல் தானாக இறங்கியது.

"அக்கா... ம்... நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டேன்... சண்டையெல்லாம் இல்லக்கா... இல்ல, நான் கத்தலை... அவர் முகம் அப்படி இருந்தா நான் என்ன பண்றது?... ம்... ம்... தெரியும்க்கா, அவர் கம்பெனியில நாப்பது பேர் வேலை பாக்கறாங்க. தெரியும்... உனக்குப் புரியாதுன்னு யார் சொன்னது? அவரா? உக்காரு, சொல்றேன். பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்கறவளுக்கு இது புரியாதா?..."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திறந்து கிடந்த மிஷினில் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அது எழுந்து வர ஐந்தாறு நிமிஷமாகும்.

"மாமா கம்பெனியில ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள இருபது பேருக்கு இடம் விடறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனிக் கம்ப்யூட்டர் இருக்கற மாதிரியே தோணும், நிஜத்துல கிடையாது... ஆமா, வேஷம்தான். முன்னாடியெல்லாம் உள்ள இருக்கறதுக்கு அது வேஷம்னே தெரியாது. நிஜ டிஸ்க்குன்னு நெனச்சு, சுத்தி வளைச்சுப் பேசிட்டிருக்கும். ஆமை மாதிரி நகரும். நான் எழுதற டிரைவர் என்ன பண்ணும்னா, உள்ள இருக்கறதுகிட்ட உண்மையைச் சொல்லிடும். இது வேஷம், உனக்குன்னு டிஸ்க் கிடையாது, என்ன வேணுமோ வெளியில இருக்கறதுகிட்ட நேராக் கேட்டுக்கோன்னு. அவ்வளவுதான்க்கா என் வேலை. மறைக்காம சொன்னதாலதான் அது வேகமா ஓடுது... ம்... இப்ப கேளு. உள்ள இருக்கறது ஒரு விஷயத்தைக் குடுத்து, இதை டிஸ்க்குல பதிச்சாச்சான்னு கேக்கும். வெளியில பதிச்சு முடிச்சு, ஆச்சுன்னு சொன்ன பிறகுதான் டிரைவர் ஆச்சுன்னு சொல்லணும். மாமா சேத்த ஆறு வரி, வெளியில கேட்டு முடிக்கறதுக்குள்ளயே ஆச்சு ஆச்சுன்னு தலையாட்டிடும். கரண்ட் இருக்கறவரைக்கும் யாருக்கும் தெரியாது. போச்சுன்னா, அவ்வளவும் போச்சு..."

பிறகு பத்தொன்பது பேரைப் பற்றிச் சொன்னாள். பொட்டாசியம் ஏறின ஆளைப் பற்றிச் சொன்னாள். வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு எழுதியதைச் சொன்னாள். கடைசியில் பெரியவள் ஏதோ கேட்டாள், சாதாரணமாக.

"ம்?... என்ன சொன்னே?... போன மாசம் வந்த பிரச்சினையா? எது போன மாசம்?... நிதானமாச் சொல்லு... சாப்பிட்டுட்டு இருக்கும்போது போன் வந்துச்சு... ம்... பாதியில எழுந்து போனார்... ம்... யாரு, துணிக் கம்பெனியா? அவங்களுக்கும் கரண்ட் போனப்ப பதிவெல்லாம் காணாமப் போச்சா?... அதுக்கு அவர் என்ன பண்ணார்?... அவங்களுக்கு மட்டும் பழையபடி மாத்திக் குடுத்துட்டார். பெரிய இடம்னு சொன்னாரா... ம்... ம்... அக்கா, ரத்தப் பரிசோதனைக்காரர் பதிவு போனது இந்த மாசம் ஆறாம் தேதி. துணிக் கம்பெனி விஷயம் அதுக்கு முன்னாடியா பின்னாடியா? யோசிச்சுச் சொல்லு... சின்னதுக்கு முதல் தடவை காய்ச்சல் வந்த வாரம். அப்ப முன்னாடிதான். மூணு வாரம் முன்னாடி..."

சின்னவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள். இவ்வளவு நேரமும் மனத்தின் ஒரு மூலையில் அவருக்காக ஒரு சாக்கு வைத்திருந்தாள். யார் கம்ப்யூட்டர் வேகம் என்று கம்பெனிகளை வரிசைப்படுத்துகிற பட்டியலில் முதலிடம் பிடிக்கிற அவசரத்தில் செய்துவிட்டார், என்ன ஆகும் என்று யோசித்திருக்கமாட்டார் என்று. அந்த மூலையும் இப்போது காலியானது. யோசித்திருக்கிறார். தெரிந்திருக்கிறது. தெரிந்து, பெரிய இடத்துக்காரனுக்கு மட்டும் ஓசைப்படாமல் சரிசெய்து கொடுத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்காரனை அப்படியே விட்டிருக்கிறார். அப்புறம் அவனுக்கே பயிற்சி போதாது என்று எழுதியிருக்கிறார்.

"இல்லக்கா, நீ சொல்லக்கூடாததைச் சொல்லலை... உன்மேல எனக்கு என்ன கோபம்?... அவர்கிட்ட குடு. இல்ல, குடு. ஸ்பீக்கர்ல வேணா போட்டுட்டுக் குடு..."

மிஷின் எழுந்து வந்திருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். டிஸ்கில் இருந்த கடைசி எண்ணைத் தாளில் எழுதி, அடியில் கோடு போட்டுக் கழித்தாள்.

"மாமா, ரிசல்ட் வந்திருக்கு. அம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு. எழுதியாச்சுன்னு சொன்னதுல ரெண்டாயிரத்து ஐந்நூத்துப் பதினாறு காணோம்... இதையும் செட்டிங்னு சொல்லப் போறீங்களா?... நான் அதை விட்டுட்டேன். துணிக் கம்பெனியைப் பத்திப் பேசுவோம்... ஆமா, அக்காதான் சொன்னா. அவளை முறைக்காதீங்க, அவளுக்கு இதுல என்ன இருக்குன்னே தெரியாது... மூணு வாரம் மாமா. மூணு வாரத்துல ஒரு நாள் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தா எல்லாருக்கும் மாத்தியிருக்கலாம். மாத்துனா பட்டியல்ல மூணாவது இடத்துக்குப் போயிடுவீங்க. அதானே?... பேசுங்க... பேசலைன்னா அதான்னு எடுத்துக்கறேன்..."

அவர் பேசினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குடும்பம் என்ற வார்த்தை வந்தது. இன்னொரு முறை வந்தது. படித்து முடித்த புதிதில் அவளுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது வந்தது. ஒவ்வொன்றுக்கும் 'ஆமா' என்றாள். ஒன்றையும் மறுக்கவில்லை, எல்லாம் நடந்ததுதான்.

"ஆமா... ஆமா, வாங்கிக் குடுத்தீங்க... ஆமா, மறக்கலை... மாமா, சொன்னா தப்பா நெனச்சாலும் பரவாயில்லை, எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. பதினோரு வருஷமா உங்களைப் பத்தி வெளியில பெருமையாப் பேசிட்டிருந்திருக்கேன். அதை நெனச்சாத்தான் ஜாஸ்தியாக் குமட்டுது... இல்ல, நான் மிரட்டலை. மிரட்டறதுன்னா, ஏதாவது கேட்டு வாங்கறதுக்காகப் பண்றது. நான் ஒண்ணு கேக்கறேன், அது எனக்கு இல்லை. நீங்களே எழுதிடுங்க. இந்த ஆறு வரி நான் சேத்தது, எனக்கு முன்னாடியே தெரியும், அந்த ஆள்மேல தப்பு இல்லைன்னு, உங்க கையால, உங்க பேர்ல. எழுதினீங்கன்னா நான் எழுதறதை நிறுத்திக்கறேன். என் பேரைத் திருடினதைப் பத்திக்கூட மூச்சு விடமாட்டேன்... ம்... ம்... வக்கீலைக் கேக்கணும். சரி... அப்ப முடியாதுங்கறீங்க. முடியாதுன்னே சொல்லுங்க, அதுக்கு எதுக்கு வக்கீல்..."

கடிதம் காலையிலிருந்தே தயாராக இருந்தது. ஐந்தாவது பேட்சின் அடியில் இருக்கிற பெயர் தான் போட்டதல்ல என்றும், அந்த ஆறு வரியை உடனே நீக்க வேண்டும் என்றும், பரிசோதனை நிலையத்துக்காரர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி என்றும் எழுதி, நீக்குகிற பேட்சையும் அதோடு இணைத்திருந்தாள். இன்று பிளக்கைப் பிடுங்கியபோது கிடைத்த இரண்டு எண்களைச் சேர்த்தாள். ஐந்தாவது பேட்சைப் படிக்காமல் விட்டது தன் பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தாள். துணிக் கம்பெனியைப் பற்றி எழுத ஆரம்பித்து, கை நின்றது. அது அக்கா வாயிலிருந்து வந்தது. அழித்தாள். அதைச் சொல்ல வேண்டியவர் போனில் இருந்தார்.

"மாமா, அனுப்பிட்டேன்... லிஸ்ட்டுக்கு. கதவுக்காரருக்கும் தனியா ஒண்ணு... ஆமா, போயிடுச்சு, திரும்பி எடுக்க முடியாது... துணிக் கம்பெனி விஷயம் அதுல இல்லை. அதை நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும், அந்த ஆள்கிட்ட. வேலை இல்லாம வீட்ல உக்காந்திருக்கார். போன் பண்ணி, எனக்கு முன்னாடியே தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, அதை வெச்சு அவர் அவங்க நிர்வாகத்துக்கிட்ட பேசிக்குவார். மெயில்லயே அவர் நம்பர் குடுத்திருக்கார். எழுதிக்கோங்க... எழுதறீங்களா இல்லையா?... நான் பாட்டுக்குச் சொல்றேன். ஒன்பது... நாலு... நாலு..."

மறுபக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஏதோ ஒரு டிராயர் திறந்து மூடியது. பிறகு ஒரு குரல், போனிலிருந்து கொஞ்சம் தள்ளி, அவள் சொன்ன எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னது. அது மாமாவின் குரல் இல்லை.

சின்னவள் போனைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா, நாலு ரெண்டு தடவை... ம்... அடுத்தது ஒண்ணு... ஏழு... இல்ல, ஒண்ணு இல்ல, ஏழு. குறுக்கே கோடு போட்டுக்கோ... பூஜ்யம்... அஞ்சு... எழுதிட்டியா?... எட்டு... அவர் என்ன சொல்றார்?... சரி, அவரை விடு, நீ எழுது. இன்னும் ரெண்டுதான்... அக்கா?... அக்கா?..."

லைன் கட்டாகிவிட்டது. திரையில் அழைப்பு முடிந்தது என்று வந்தது. இருபத்தேழு நிமிஷம். சின்னவள் மெசேஜைத் திறந்து, மீதி இரண்டு எண்களையும் அக்காவுக்கு அனுப்பினாள்.